பத்தாயிரம் அடியில் ரெண்டு டிகிரி

ஜீரோன்னுதான் சொன்னார் கேப்டன். ஆல்டிமீட்டர் ஜீரோ, செட். ஓடுபாதை முனையில நின்னுக்கிட்டு, இன்ஜின் இரைச்சலுக்கு மேல பட்டியலை ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டு வந்தப்போ ஏழாவதோ எட்டாவதோ அது. மணி ஒன்பது நாப்பத்திரெண்டு. ரேடியோவுல பேசுறதெல்லாம் இங்கிலீஷ்தான், என் தலைக்குள்ள மட்டும் அது தமிழாத்தான் விழும், முப்பது வருஷமா அப்படித்தான். நோட்டுல நேரத்தை எழுதி, பக்கத்துல ஜீரோன்னு போட்டேன், பேனா அங்கேயே நின்னு போச்சு. சோமு சார் நிக்கல. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கிட்டு தன் தாள்ல டிக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். சோதனைப் பறப்புக்கெல்லாம் அவர்தான் தலைமை, மைக்கைத் தொடுற உரிமை இந்த ரூம்ல அவருக்கு மட்டும்தான். அந்தக் கோடியில முபாரக், விமானத்தோட வாலும் இறக்கையும் எவ்வளவு அதிருதுன்னு திரையில ஓடுற பச்சைக் கோடுகளைப் பாக்கிறவர். அவரும் நிக்கல. மூணு பேர் காதுலயும் விழுந்துச்சு, ஒருத்தி கைதான் நின்னுச்சு. அந்த ஒருத்திக்கு வேலை எண்களை எழுதுறது, திருத்துறது, வாயை மூடிக்கிட்டு இருக்கிறது. ஜீரோ வெச்சிருந்தா என்ன, ஏறும்போது மாத்திக்குவார், கேப்டன் அழகப்பன் என்ன நேத்துப் பொறந்த குழந்தையா, விமானப்படையில இருபது வருஷம் குப்பை கொட்டினவர். மாத்திக்குவார். இந்த ஏசியை வேற எவன் பதினெட்டுல வெச்சான்னு தெரியல, சால்வை கொண்டுவர மறந்து தொலைச்சுட்டேன், விரல் நுனியெல்லாம் விறைக்குது. கப்பல்ல வர்ற இரும்புப் பெட்டியை வெட்டி ஜன்னல் வெச்ச ரூம் இது, வெளியில பங்குனி வெயில் கொளுத்துது, உள்ள மூணு பேர் குளிர்ல உக்காந்திருக்கோம். வண்டி ஓடுபாதையில கிளம்புற சத்தம் தகரம் வழியா கேட்டு, உரசி, மேல போயி, இல்லாம போச்சு.

ஆல்டிமீட்டர்ங்கிற இந்த உயரம் காட்டுற கடிகாரம் உண்மையில உயரத்தை அளக்கிறதில்ல. காத்தோட அழுத்தத்தை அளக்குது, அவ்வளவுதான். எங்கேருந்து எண்ணணும்னு ஒரு குமிழைத் திருகி நாமதான் அதுக்குச் சொல்லிக் கொடுக்கணும். இந்த விமானத் திடல் இருக்கிறதே கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேல. சோதனைப் பறப்புன்னா கடல் மட்டக் கணக்குலதான் வைக்கணும், தரையில நிக்கும்போதே முள் மூவாயிரம் காட்டணும். ஆனா பறக்கக் கத்துக்க வர்றவங்களுக்கு இங்க ஜீரோ வெச்சுத்தான் பழக்கம். ஜீரோன்னா தரை, முள் ஜீரோவுக்கு வரும்போது சக்கரம் தொடணும், யாருக்கும் புரியும். கேப்டன் நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆளுக்கு அஞ்சு சுத்துன்னு ரெண்டு பேருக்குக் கத்துக்கொடுத்துக்கிட்டிருந்தார். கை அந்தப் பழக்கத்துல திருகிடுச்சு. சோமு சாரும் பல வருஷம் இங்க சொல்லிக்கொடுத்தவர், ஜீரோன்னு கேட்டா அவர் காதுக்கு அது வீட்டு வாசல் மாதிரி, இடிக்கவே இடிக்காது. எனக்குத்தான் இடிச்சுது, ஏன்னா நான் ஒரு நாளும் பறந்ததில்ல. அட்டையை எழுதினவ நான். வேகமானிக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கிற அட்டை, உள்ளங்கை அகலம், ரெண்டே பத்தி: இந்த உயரத்துல முள் இந்த எண்ணைத் தாண்டக்கூடாது. பத்தாயிரம் அடிக்கு நேரா நூத்தி ஐம்பத்தஞ்சு நாட், விமான வேகத்துக்கு நாட்தான் கணக்கு. அது கடல் மட்டத்துலேருந்து பத்தாயிரம். இவர் முள் பத்தாயிரம் காட்டும்போது இவர் நிஜத்துல பதிமூவாயிரத்துல இருப்பார். பதிமூவாயிரத்துக்கு நூத்தி நாப்பத்தேழுதான். எட்டு நாட் வித்தியாசம், ஸ்கூட்டர்ல போனா எட்டுங்கிறது ஒண்ணுமே இல்ல, பாலத்து மேல ஏறி இறங்குற வித்தியாசம். மாத்திக்குவார். ரெண்டாயிரம்னு சொல்றார், ஒன்பது நாப்பத்தெட்டு. ஆயிரம் அடிக்கு ரெண்டு நிமிஷம், பழைய எருமை மாதிரிதான் ஏறும் இந்த வண்டி. எழுதிக்கோ ஜெசிந்தா, எழுதிக்கிட்டே இரு.

போன தை மாசம் திருச்சியில தங்கச்சி மக கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேட்டார், ஏம்மா நீங்க விமானத்துல ஏதோ வேலையாமே, அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும் உங்க வண்டி. கேட்டாரே புண்ணியவான். கேக்கவே ஆள் இல்லாம கிடந்தவ நான், விடுவேனா. எந்த உயரத்துல கேக்கறீங்க அங்கிள்னேன். வெயில் நாளா குளிர் நாளா, முள் சொல்றதா நிஜத்தைச் சொல்றதா. முள்ளுக்கு தூரமெல்லாம் தெரியாது அங்கிள், இறக்கைக்கு அடியில ஒரு குழாய் இருக்கு, அதுக்குள்ள காத்து வந்து எவ்வளவு பலமா மோதுதோ அதை மட்டும்தான் அது வேகம்னு சொல்லும், மேல போகப் போக காத்து மெலிசாகும், மோதுறதுக்கு ஆள் குறைஞ்சிடும், வண்டி தலைதெறிக்க ஓடிக்கிட்டிருக்கும், முள் என்னமோ நிதானமா போறோம்னு சொல்லும். இன்ஜினுக்கும் மேல மூச்சு வாங்கும், காத்து குறுக்க நிக்கிறதும் குறையும், ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு எங்கேயோ நடுவுல ஒரு உயரத்துலதான் உச்ச வேகம், அதனால அதிகபட்சம்னு ஒரே எண் சொன்னா அது பொய்னேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். அவர் தலையைத் தலையை ஆட்டிக்கிட்டிருந்தார், கண்ணு மட்டும் என் தோளுக்குப் பின்னாடி ஐஸ்கிரீம் தட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. சரிம்மா, பெரிய வேலைதான்னு எந்திரிச்சுப் போயிட்டார். தங்கச்சி வந்து, ஏன்க்கா வந்தவங்க கிட்ட இப்படி அறுக்கிறே, ஒரு நம்பரைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானேன்னா. நான் அங்கேயே உக்காந்திருந்தேன், பக்கத்து நாற்காலி மேல யாரோ பையை வெச்சுட்டுப் போயிருந்தாங்க. மண்டபத்துல அவ்வளவு ஜனம், யாரும் என்னை இடிச்சுக்கிட்டுக் கூடப் போகல. எனக்கு அப்பத்தான் உறைச்சுது, நாப்பத்தஞ்சுக்கு மேல எனக்கு வருஷம் போற வேகம் பயங்கரம், ஆனா என் மேல மோத ஆள் இல்லாததால முள் ஒண்ணும் காட்டல, நிதானமா இருக்கிறதா நானும் நெனச்சுக்கிட்டிருக்கேன். ஐம்பத்திநாலு. வீடு, ஸ்கூட்டர், இந்தப் பெட்டி, திரும்ப வீடு. ஞாயித்துக்கிழமை பூசை. நாலாயிரம், ஒன்பது ஐம்பத்திரெண்டு.

இப்ப மாத்தினா ஒரேயடியா மூவாயிரம் குதிக்கணும். நாலாயிரம்னு சொன்னவர் அடுத்ததா எட்டாயிரம்னு சொல்லணும். சொன்னாருன்னா நான் நிம்மதியா ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் காப்பி குடிப்பேன். இது மத்த நாளா இருந்தா எனக்கு இந்தப் பிரச்சனையே இல்ல, உயரத்துக்குன்னு தனியா ஒரு சென்சார் இருக்கு, அது நேரா என் திரைக்கு வந்துடும். போன வாரம்தான் அதைக் கழட்டி சரிபாக்க அனுப்பியிருக்காங்க. அதனால இன்னிக்கு உயரம் அவர் வாயால சொல்றதுதான். ஐயாயிரம். ஒன்பது ஐம்பத்திநாலு. குதிக்கல. சொல்லிடலாமா. சார், கேப்டன் ஜீரோ வெச்சிருக்கார் போலிருக்கு, ஒரு தடவை கேட்டுடுங்களேன். இவ்வளவுதானே, எட்டு வார்த்தை. வாயில இருக்கு, பல்லுக்குப் பின்னால வந்து நிக்குது. ஆனா போன செவ்வாய்க்கிழமை இருக்கே, அது குறுக்க உக்காந்திருக்கு. அன்னிக்கும் இப்படித்தான், தெர்மாமீட்டர் தப்புக் காட்டுது, நிறுத்துங்கன்னு நான்தான் கத்தினேன். நிறுத்தினாங்க. வண்டியைத் திருப்பி இழுத்துட்டு வந்து, கழட்டி, சோதிச்சு, நாள் பூரா போச்சு. தெர்மாமீட்டர் சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் ரெண்டு பத்தியை மாத்திப் படிச்சிருந்தேன். எல்லார் முன்னாடியும் மூக்கறுபட்டு நின்னேன். சோமு சார் கத்தல, கத்தியிருந்தா தேவலாம். சிரிச்ச முகமா, ஜெசிந்தா, இனிமே கேட்டா மட்டும் சொல்லுங்க, சரியான்னார். முபாரக் ஷூ லேஸைக் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டார். சரி சார்னேன். அன்னிக்கு சாயங்காலம் அக்கவுண்ட்ஸ்ல யாருக்கோ பொறந்தநாள்னு கேக் வெட்டினாங்க, கைதட்டுறது கேட்டுச்சு, கூப்பிட மறந்திருப்பாங்க. வீட்டுக்குப் போயி குளிச்சு, சாதத்தை வெச்சு, அடுப்பை அணைச்சு, சாப்பிடாம படுத்துட்டேன். மானங்கெட்ட மனசு இப்பவும் கேக் துண்டைத்தான் நெனைக்குது பாரு. ஆறாயிரம்.

இன்னிக்கு கடைசி சோதனைப் புள்ளி, தொட வேண்டிய கடைசி வேகம். நிஜ வேகம் நூத்தி எண்பது நாட், அதுக்கு மேல இந்த வண்டியில யாரும் போனதில்ல. முபாரக் கணக்கு இருநூறு வரைக்கும் தாங்கும்னு சொல்லுது, நல்ல கணக்குதான், ஆனா கணக்கு காகிதத்துல இருக்கு, வால் வானத்துல இருக்கு. ஒரு வேகத்துக்கு மேல வால் தானா நடுங்க ஆரம்பிக்கும், நடுக்கத்தை நடுக்கமே வளத்துவிடும், ரெண்டு செகண்டுல பிச்சுக்கிட்டுப் போயிடும். பாராசூட் கட்டியிருக்கார், ரெண்டு செகண்டுல எந்தப் பாராசூட்டு. அந்த நடுக்கம் முள்ளைப் பாத்து வர்றதில்ல, நிஜ வேகத்தைப் பாத்து வரும், அதுக்காகத்தான் அந்த அட்டையே. மேல போகப் போக முள் குறைச்சுச் சொல்லும், அதனால மேல போகப் போக எல்லையையும் குறைச்சு எழுதியிருக்கேன். மூணு வாரம் உக்காந்து எழுதினது. பதிமூவாயிரத்துல நூத்தி ஐம்பத்தஞ்சு காட்டினா நிஜத்துல நூத்தி எண்பத்தொன்பது, இந்த வெயிலுக்கு காத்து இன்னும் மெலிஞ்சு கிடக்கும், அதையும் சேத்தா நூத்தி தொண்ணூத்தி மூணு. போட்டாச்சு, நோட்டு ஓரத்துல போட்டாச்சு, போட்டு அடிச்சுக் கிறுக்கியும் வெச்சாச்சு. அந்த மனுஷன் இருக்காரே, இந்தக் கம்பெனியில என் அட்டையைப் படிச்சுட்டு சந்தேகம் கேக்க வந்த ஒரே ஆள். பெட்டிக்குள்ள குனிஞ்சு வந்து, மேடம் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எது, மேலயா கீழயான்னு கேட்டார். கீழ இருக்கிற எண்ணை எடுங்க கேப்டன்னேன். நீங்க எழுதினதை நான் ஒரு நாட் கூடத் தாண்ட மாட்டேன் மேடம், எங்க வீட்டு ஆச்சி உங்களை நம்பித்தான் என்னை அனுப்புறா, அப்படின்னு சிரிச்சார். சம்சாரத்தைத்தான் அவங்க ஊர்ல ஆச்சிம்பாங்க, மீனாள்னு பேரு, ஒரு தடவை ஆண்டு விழாவுல பாத்திருக்கேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு நிமிஷம் பேசினா. தாண்ட மாட்டார். அதுதான் இப்ப ஆபத்து. ஒரு நாட் தாண்ட மாட்டார், ஒரு நாட் குறைக்கவும் மாட்டார், நூத்தி ஐம்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கிறதைப் பாத்து நூத்தி ஐம்பத்தஞ்சுல கொண்டுபோயி நிறுத்துவார். ஏழாயிரம். ஒன்பது ஐம்பத்தெட்டு. மாத்தியிருந்தா இந்நேரம் பத்தாயிரம்னு சொல்லியிருக்கணும்டி, ஏழாயிரம்ங்கிறாரே, இன்னும் என்ன சாட்சி வேணும் உனக்கு.

தெரிஞ்சும் சும்மா இருக்கிறது எனக்குப் புதுசா என்ன. என் வீட்டுக்காரர் பெஞ்சமின் மஸ்கட்டுக்குக் கிளம்பினப்போ ரெண்டு வருஷ ஒப்பந்தம்னுதான் சொன்னார். பெட்டி அடுக்கும்போது பாத்தேன், சட்டைக்கு அடியில ஞானஸ்நான சான்றிதழ், பள்ளிக்கூட சர்டிபிகேட், அவங்கம்மா போட்டோ, எல்லாம் ஒரு கவருக்குள்ள. ரெண்டு வருஷத்துக்குப் போற மனுஷனுக்கு ஞானஸ்நான சான்றிதழ் எதுக்கு. பளிச்சுனு தெரிஞ்சுபோச்சு எனக்கு, அந்த நிமிஷமே. திரும்பி வரமாட்டார். கேட்டிருக்கலாம். என்னங்க இது, எதுக்கு இதுன்னு கேட்டிருந்தா அவர் மழுப்பியிருப்பார், அழுதிருப்பார், அடிச்சுக்கூட இருப்பார், என்னமோ ஒண்ணு நடந்திருக்கும். நான் அடுக்களைக்குப் போயி சீப்பு முறுக்கு பொரிச்சேன். ரெண்டு டப்பா. உடையாம இருக்க அந்தக் கவர் மேலேயே வெச்சுக் கட்டினேன். ஒருவேளை பாஸ்போர்ட்டுக்குக் கேப்பாங்களோ, ஒருவேளை அங்க ஏதாவது பதிவு பண்ணணுமோ, நாமளா எதுக்கு அபசகுனமா வாயைத் திறக்கணும். பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவருக்கு இப்ப அங்க ஒரு பொண்ணு இருக்காம், பன்னெண்டாவது படிக்குதாம். எல்லாரும், பாவம் ஜெசிந்தாவுக்கு ஒண்ணும் தெரியாம ஏமாத்திட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க, நானும் ஆமான்னு தலையாட்டினேன், ஏமாந்தவளா இருக்கிறது சுலபமா இருந்துச்சு. எண்ணெய் வாசனை அன்னிக்குத் தலைமுடியெல்லாம், இப்பவும் இந்தக் குளிர்ல எங்கேருந்தோ அடிக்குது, பக்கத்து கேன்டீன்ல வடை போடுறாங்க போல. எட்டாயிரம். ஒன்பதாயிரம். நடுவுல ரெண்டு நிமிஷம் எங்க போச்சு, நான் எழுதினேனா, எழுதியிருக்கேன், கை அது பாட்டுக்கு எழுதியிருக்கு.

பத்தாயிரம். பத்து மணி நாலு நிமிஷம். மட்டமா பறக்கிறார், தெர்மாமீட்டர் நிலைக்கட்டும்னு. இந்த மூணு நிமிஷம் கீழ யாரும் பேசமாட்டோம். முபாரக் கழுத்தை ரெண்டு பக்கமும் சொடுக்கிக்கிட்டார். சோமு சார் கால் ஆடுது, சந்தோஷமா இருந்தா அவர் கால் ஆடும், அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போற தாள்ல அதிகபட்ச வேகம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு, அதை நிரப்பிடலாம்னு அவருக்கு. மேஜை மேல மைக், கழுத்து வளைஞ்ச மைக், அடியில சிவப்பு பட்டன், என் கைக்கு ஒரு முழம். ஒருவேளை நான் மறுபடியும் பத்தி மாத்திப் படிக்கிறேனோ. ஒருவேளை இன்ஜின் இன்னிக்கு சோம்பிப்போயி மெதுவா ஏறியிருக்கலாம். ஒருவேளை தரையிலயே ஜீரோன்னு வாசிச்சது பழக்கதோஷத்துல, குமிழ் சரியான இடத்துல இருக்கலாம். காலையில வானிலை அலுவலகத்துலேருந்து வந்த தாள் என் முன்னாடி கிடக்கு, பத்தாயிரம் அடியில வெப்பம் எட்டு டிகிரி, பதிமூவாயிரத்துல ரெண்டு. எட்டுன்னு சொல்லுங்க கேப்டன். ஏழுன்னு சொன்னாலும் போதும். மாதாவே, ஏழுன்னு சொல்ல வையி, இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் நான். ரேடியோ கரகரங்குது. வெளி வெப்பம் ரெண்டு, அப்படின்னார். பிளஸ் டூ. குரல்ல ஒரு சின்ன உற்சாகம் வேற, மேல ஜில்லுனு இருக்கு, கீழ நீங்க வேகறீங்களான்னு ஒரு கேலி. சோமு சார் சிரிச்சு, நாங்க ஏசியில இருக்கோம்னார். ரெண்டு. நான் எழுதினேன். ரெண்டுன்னு எழுதி வட்டம் போட்டேன், வட்டத்து மேல வட்டம், தாள் கிழியிற அளவுக்கு. தெர்மாமீட்டர். அய்யோ, இதைச் சொன்னாலும் மறுபடியும் தெர்மாமீட்டர்ங்கிறாளான்னுதானே கேப்பாங்க. சரி, கேக்கட்டும். கேக்கட்டும்னு நெனைக்கிறேன், ஆனா உதடு ஒட்டிக்கிட்டிருக்கு. இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ஏறி, அங்கேருந்து மூக்கைக் கவுத்து, பத்தாயிரத்தைத் தாண்டும்போது நூத்தி ஐம்பத்தஞ்சு. நாலு நிமிஷம் இருக்கு. நாலு நிமிஷம்ங்கிறது நெறைய நேரம், ஒரு காப்பி போட்டுடலாம்.

அந்த நாலு நிமிஷமும் நான் என்ன பண்ணினேன்னு கேட்டா, முபாரக்கோட டிபன் பாக்ஸைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீல மூடி, மேல அவர் மக ஒட்டின ஸ்டிக்கர், ஒரு ஒட்டகச்சிவிங்கி. அது கழுத்துல ஒரு இடத்துல பேப்பர் உரிஞ்சிருக்கு. பதினோராயிரத்து ஐந்நூறு, ரெடி, அப்படின்னார். மணி பத்து பத்து. சோமு சார் மைக்குக்கிட்ட குனிஞ்சு, கோ அஹெட் கேப்டன், நிதானமா போங்கன்னார். பத்து பதினொண்ணு, கவுத்துட்டார். வேகம் மட்டும் நேரா என் திரைக்கு வருது, தொண்ணூத்தெட்டு, நூத்தி ஆறு, நூத்தி பதினேழு. காத்து சத்தம் ரேடியோவுல மாறுது, ஊளை மாதிரி. நூத்தி இருபத்தொம்பது. அட்டையில நூத்தி ஐம்பத்தஞ்சுன்னு எழுதினப்போ அஞ்சு சரியா விழலேன்னு அழிச்சு மறுபடி எழுதினேன், அவ்வளவு பாத்துப் பாத்து எழுதினேன். நூத்தி முப்பத்தெட்டு. சொல்லு. நூத்தி நாப்பத்திரெண்டு. சொல்லுடி. அவர் கண்ணு இப்ப அட்டையில இருக்கும், என் கையெழுத்துல இருக்கும், இத்தனை வருஷத்துல என் மேல ஒரு கண்ணு இருக்குன்னா அது இதுதான், அது சாகப்போகுது. நூத்தி நாப்பத்தாறு. நூத்தி நாப்பத்தொம்பது. என் முழங்கை ஃப்ளாஸ்க்கைத் தட்டிவிட்டது எனக்குத் தெரியல, அப்புறம்தான் பாத்தேன், காப்பி தரையெல்லாம். பட்டன் மேல என் கட்டைவிரல். கேப்டன், வேகத்தைக் குறைங்க, உங்க உயரம் தப்பு, நீங்க மூவாயிரம் அடி கூட இருக்கீங்க. என் குரல் எனக்கே தெரியல, பூசையில மைக்கு முன்னாடி வாசகம் படிக்கிற குரல் மாதிரி நிதானமா வந்துச்சு. என்ன பண்றீங்கன்னு சோமு சார் என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார், வலிச்சுது. நூத்தி ஐம்பத்தொண்ணு. நூத்தி ஐம்பத்தொண்ணு. ரேடியோவுல வெறும் ஊளை. நூத்தி நாப்பத்தெட்டு. நூத்தி முப்பத்தொம்பது. குறைக்கிறேன்னு வந்துச்சு அப்புறம். ஒரு மூச்சு விட்டுட்டு, ஆமா, ஜீரோவுலயே இருக்கு, அப்படின்னார். சோமு சார் கையை எடுத்துட்டார். முபாரக் திரையைப் பின்னாடி ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தார். சார், வால் கோடு தடிக்க ஆரம்பிச்சிருக்கு சார், அடங்கவே இல்ல, இன்னும் நாலு நாட் போயிருந்தா, அப்படின்னு ஆரம்பிச்சவர் பாதியிலயே எந்திரிச்சுப் போயி ஏசியை நிறுத்திட்டு வந்தார்.

இறங்குற வரைக்கும் இருபது நிமிஷம் நான் காப்பியைத் துடைச்சேன். பழைய பிரிண்ட் தாளை எடுத்து ஒத்தி ஒத்தித் துடைச்சேன். சோமு சார் குனிஞ்சு, விடுங்க ஜெசிந்தா, ஹவுஸ்கீப்பிங் வருவாங்க, நீங்க உக்காருங்கன்னு தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார், சக்கரம் வெச்ச நாற்காலி. உக்காந்தேன். முபாரக் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்துட்டு, என் நோட்டுல வட்டம் போட்டிருந்த ரெண்டை சோமு சாருக்குக் காட்டினார். வெளியில யார் யாரோ வந்துட்டாங்க, ஹேங்கர்ல வேலை செய்றவங்க, அக்கவுண்ட்ஸ் பொண்ணுங்க ரெண்டு பேர், என்னவாம் என்னவாம்னு, மேடம்தான் பிடிச்சாங்களாம், ரெண்டு டிகிரியை வெச்சே பிடிச்சுட்டாங்களாம். பிடிச்சுட்டாங்களாம். அந்தச் சொல் அப்படி இருந்துச்சு, பசிக்கிற நேரத்துல சூடா சாதம் போட்ட மாதிரி. எவ்வளவு பேர் பெட்டிக்குள்ள, மூச்சு முட்டுது, ஒரு பொண்ணு என் தோள் மேலயே சாஞ்சுக்கிட்டு திரையைப் பாக்குது, அவ தலையில மல்லிகைப்பூ. இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நகராதீங்கடின்னு சொல்லணும் போல இருந்துச்சு. அப்ப கதவு வழியா கேப்டன் குனிஞ்சு வந்தார், தலைமுடி வியர்வையில ஒட்டியிருக்கு, முகத்துல ரத்தமே இல்ல, சிரிக்கிறார். யாரையும் பாக்கல, நேரா என்கிட்ட வந்தார். ரெண்டு கையையும் கூப்பினார், அவ்வளவு பெரிய மனுஷன், எல்லார் முன்னாடியும். மேடம், நான் ரெண்டு டிகிரின்னு சொன்னேன் பாருங்க, அப்ப பிடிச்சீங்களான்னார். பதிலையும் அவரே கையில கொடுக்கிறார், ஆமான்னா போதும். எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க, சோமு சார் ஏற்கெனவே தலையை ஆட்டிக்கிட்டிருக்கார், சாயங்காலம் ஒரு கேக் கூட வாங்கிடுவாங்க, எனக்குன்னு. ஏமாந்தவளா இருந்தது சுலபம், கெட்டிக்காரியா இருக்கிறது அதைவிட சுலபம். கூப்பின கை இன்னும் இறங்கல. என் அட்டையைப் பாத்த கண்ணு என்னையே பாக்குது, அவ்வளவு கிட்ட நிக்கிறார்.

இல்ல கேப்டன்னேன். நீங்க ஓடுபாதையில ஜீரோன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்.

அவர் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் இருந்துச்சு, அதுக்கு விஷயம் இன்னும் போய்ச் சேரல. அப்புறம் கையை இறக்கினார். தோள் மேல சாஞ்சிருந்த பொண்ணு நிமிந்துக்கிட்டா.

"இருபத்தஞ்சு நிமிஷமா மேடம்?" அப்படின்னு கேட்டார், ரொம்ப மெதுவா.

நோட்டைப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல எனக்கு.

"இருபத்தொம்பது"ன்னு சொன்னேன்.